தறியில் எத்தனை கொக்கி?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ச் சாலையில் மேற்கே போனால் பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழி வரும். ஜடாயு என்ற புள்ளுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த குழி என்பது தலபுராணம் சொல்லும் பெயர்க்காரணம். விஜயராகவப் பெருமாள் கோயிலைச் சேவிக்க வருபவர்கள் வறுத்த பயறு முளைக்கும் கதையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு இந்த ஊர் இன்னொரு காரணத்துக்காக முக்கியம். இளம் இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்த இடம் இதுதான் என்கிறது வைணவ மரபு. சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் ‘கப்யாசம்’ என்ற சொல்லைக் குரங்கோடு சேர்த்து ஆசிரியர் விளக்கினார். மாணவருக்கு அது பொறுக்கவில்லை. அதே சொல்லைப் பிரித்து, கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள் காட்டினார். ஆசிரியரும் மாணவரும் பிரிந்தார்கள். பிற்காலத்தில் அந்த ஆசிரியரே இராமானுசருக்குச் சீடரானார் என்று குருபரம்பரைக் கதைகள் முடிக்கின்றன.

கணினி உலகத்திலும் இப்படியொரு ஆசிரியர் மாணவர் வாதம் நடந்தது. 1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 22 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸைக் காலாவதியான சரக்கு என்று பகிரங்கமாகச் சொன்னார். டோர்வால்ட்ஸ் அவரிடம் நேரில் படித்தவர் அல்லர். அவருடைய புத்தகத்தையும் அதோடு வந்த மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தையும் வைத்துக் கற்ற ஏகலைவன். ஏகலைவன் இந்த முறை கட்டைவிரலைக் கொடுக்கவில்லை, பதில் எழுதினார்.

சண்டை எதைப் பற்றி? கெர்னலைப் பற்றி. நாம் திறக்கும் உலாவி, பாட்டுப் பெட்டி, தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எதுவும் நேரடியாக வன்பொருளைத் தொடுவதில்லை. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், செயலியில் அடுத்த முறை யாருக்கு, வட்டில் எழுதுவது யார் என்பதையெல்லாம் முடிவு செய்யும் நடுவர்தான் கெர்னல். இயங்குதளத்தின் மற்ற பாகங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நிற்கின்றன. அந்த நடுவரை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதுதான் வழக்கு. எல்லாப் பொறுப்பும் ஒரே கூரைக்குள் இருக்கட்டும், வேகமாக நடக்கும் என்பது டோர்வால்ட்ஸ் எடுத்த வழி. அதை ஒற்றைக்கல் கெர்னல் எனலாம். கெர்னல் மிகச் சிறிதாக இருக்கட்டும், வட்டுக்கும் வலைக்கும் விசைப்பலகைக்குமான டிரைவர்கள் வெளியே தனித்தனி நிரல்களாக ஓடட்டும், ஒன்று விழுந்தால் மற்றது விழாது என்பது டேனன்பாம் கட்சி. அது நுண்கெர்னல். ஏட்டளவில் நுண்கெர்னலே அழகு என்று டோர்வால்ட்ஸே ஒப்புக்கொண்டார்.

இந்த வாதத்தைப் பாடப்புத்தகங்கள் ஓயாமல் சொல்கின்றன. டேனன்பாம் சொன்ன இன்னொரு குற்றச்சாட்டைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். லினக்ஸ் இன்டெல் 386 செயலியோடு ஒட்டிக்கொண்டு பிறந்திருக்கிறது, வேறு எந்திரத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது என்றார் அவர். அன்றைக்கு அது உண்மை. 1991இல் வந்த முதல் லினக்ஸ் சுமார் 10,000 வரிதான். அந்த வரிகளுக்கு ஐபிஎம் வகைக் கணினி மனப்பாடம். முதல் தொடர் வாயில் எந்த முகவரியில் இருக்கும், வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு எங்கே இருக்கும் என்பதெல்லாம் எல்லா ஐபிஎம் வகைக் கணினியிலும் ஒரே மாதிரி. கேட்க வேண்டிய தேவையே இல்லை. சொந்த வீட்டு அடுக்களையில் இருட்டிலும் உப்பு ஜாடியை எடுப்பது போல.

வேறொருவர் வீட்டு அடுக்களைக்குப் போனால்தான் கேள்வி பிறக்கிறது. எந்தக் கெர்னலாக இருந்தாலும், பெரிதோ சிறிதோ, மின்சாரம் வந்த அந்த நொடியில் அதற்குத் தெரிய வேண்டியது இதுதான்: நான் எந்த எந்திரத்தில் விழித்திருக்கிறேன்? என்னிடம் எத்தனை கை இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துத் தறியை விட நல்ல கருவி இல்லை. காஞ்சிப் பட்டுத் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதில் கொக்கிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கொக்கியும் தன்னோடு கட்டிய பாவு இழைகளைத் தூக்கும். துளை போட்ட அட்டை பெட்டிக்குள் வரும்போது, துளை இருக்கும் இடத்துக் கொக்கி மேலே எழும், துளை இல்லாத இடத்துக் கொக்கி ஒதுங்கிவிடும். நாடா ஒருமுறை ஊடையைக் கொண்டுபோகும், அடுத்த அட்டை வரும். இப்படி அன்னமும் மாங்காயும் யாளியும் முந்தியில் ஏறுகின்றன. பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் முழுமையாக்கிய இந்த அட்டைதான் பின்னால் கணினிக்கும் அட்டையானது என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அட்டையைப் பற்றி அல்ல, அட்டை வெட்டுகிறவரைப் பற்றி.

அவர் கிராஃப் தாளை விரிப்பதற்கு முன்னால் கேட்கும் முதல் கேள்வி, பெட்டியில் எத்தனை கொக்கி என்பது. 120 கொக்கிப் பெட்டிக்கு ஒரு கணக்கு, 240க்கு வேறு கணக்கு. பேட்டு என்கிற கரைக்குத் தனிப்பெட்டி உண்டா, கொக்கிக்கு எத்தனை இழை கட்டியிருக்கிறது என்று அடுத்தடுத்துக் கேள்வி போகும். இது தெரியாமல் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அந்த யாளி பாதி உடம்போடுதான் பிறக்கும். தறி வாய்திறந்து இதைச் சொல்லாது. நெய்கிறவர் சொல்ல வேண்டும், அல்லது பெட்டியில் எழுதி வைத்திருக்க வேண்டும். கணினியில் கெர்னல்தான் அட்டை வெட்டுகிறவர். கொக்கிக் கணக்கை அதற்கு யார் சொல்வது என்பதில் மூன்று வழிகள் உருவாயின.

முதல் வழி, கருவியே சொல்வது. 1992இல் வந்த பிசிஐ இதை ஒழுங்காகச் செய்தது. ஒவ்வொரு பிசிஐ கருவிக்குள்ளும் 256 பைட் அளவில் ஓர் அறிமுகச் சீட்டு உண்டு. அதன் முதல் 16 பிட் செய்தவரின் எண், அடுத்த 16 பிட் கருவியின் எண். கெர்னல் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்க்கும். ஆள் இல்லாத இடத்தில் எல்லாப் பிட்டும் 1 என்று வெறும் பதில் வரும். ஆள் இருந்தால் எண் வரும். இன்டெல் தனக்கு வாங்கிக்கொண்ட எண், பதினாறடிமானத்தில் 8086. தன் புகழ்பெற்ற பழைய செயலியின் பெயரையே வீட்டு எண்ணாக வைத்துக்கொண்டது. அந்த எண்ணைப் பார்த்து கெர்னல் பொருத்தமான டிரைவரை அழைக்கும். யுஎஸ்பியும் இதே குணம்தான். பென்டிரைவைச் செருகினதும் கணினி அதை அடையாளம் காண்பதற்கு இந்தக் கேள்வி பதில்தான் காரணம்.

ஆனால் எந்திரத்தில் பேசத் தெரியாத கருவிகளே அதிகம். வெப்பமானி, மின்விசிறி, மடிக்கணினியின் மூடி, மின்கலம், சில்லுக்குள் புதைந்த தொடர் வாயில், இவற்றை ‘நீ யார்’ என்று கேட்டால் பதில் வராது. முகவரி தெரிந்தால் வேலை வாங்கலாம். தெரியாமல் தவறான முகவரியில் தட்டினால் எந்திரம் அப்படியே உறைந்துவிடவும் கூடும்.

இரண்டாவது வழியை 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. ஏசிபிஐ என்று பெயர். பலகையைச் செய்கிற நிறுவனம், எந்திரத்தில் என்ன இருக்கிறது என்ற அட்டவணையை அதன் நிலையான நினைவகத்தில் எழுதி வைக்கும். அதோடு நிற்பதில்லை. மின்கலத்தின் அளவை எப்படிப் படிப்பது, எந்திரத்தை எப்படி உறங்க வைப்பது என்பதற்கான சிறு நிரல்களையும் ஒரு தனி மொழியில் எழுதி வைக்கும். கெர்னலுக்குள் அந்த மொழியை வாசித்து நிறைவேற்றும் உரைபெயர்ப்பாளர் ஒன்று இருக்க வேண்டும். அதாவது, யாரோ எழுதிய நிரலைக் கெர்னல் தன் உச்ச அதிகாரத்தோடு ஓட்டுகிறது. எனக்கு இது உவப்பில்லை. கொக்கி எத்தனை என்று கேட்டவரிடம், ‘அதெல்லாம் உனக்கெதற்கு, நான் சொல்கிறபடி கையை ஆட்டு’ என்பது போன்றது இது. கேள்விக்குத் தகவல் கிடைக்காமல் கட்டளை கிடைக்கிறது.

இதன் விளைவைத் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் தெரியாமலே தொட்டிருக்கிறார்கள். 2011 முதல் மாநில அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே எந்திரம், இரண்டு கெர்னல்கள், ஒரே ஏசிபிஐ அட்டவணை. உலகெங்கும் பலகை செய்கிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்புவது வழக்கம். அட்டவணைக்குள் இருக்கும் நிரல் ‘நீ எந்த இயங்குதளம்’ என்று கேட்டு, பதிலுக்குத் தக்கபடி நடந்துகொள்ளும். லினக்ஸ் கெர்னல் அதற்கு என்ன சொல்கிறது தெரியுமா? விண்டோஸா என்று கேட்டால் ஆமாம் என்கிறது. லினக்ஸா என்று கேட்டால் இல்லை என்கிறது. சோதித்துப் பார்த்த பாதை அந்த ஒன்றுதான் என்பதால் எடுத்த முடிவு இது. தன் பெயரை மறைத்தால்தான் தன் வீட்டுக் கதவு ஒழுங்காகத் திறக்கும் என்ற நிலையில் ஒரு கெர்னல் வாழ்கிறது.

மூன்றாவது வழிக்கு வயது கூடுதல். சன் நிறுவனத்தில் மிட்ச் பிராட்லி உருவாக்கிய ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வந்தது, 1994இல் ஐஇஇஇ தரமானது. அதில் எந்திரம் ஒரு மரமாக வரையப்படும். வேரில் பலகை. கிளைகளில் செயலிகள், நினைவகம், தடங்கள். நுனியில் கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் முகவரி, குறுக்கீட்டு எண், ‘நான் இன்னாரோடு ஒத்துப்போவேன்’ என்ற ஒரு வரி. இதில் கட்டளை எதுவும் கிடையாது, வெறும் விவரம். இதற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். கருவிமரம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மரத்தின் அருமை ஆர்ம் சில்லுகள் கைப்பேசிகளில் பெருகியபோதுதான் தெரிந்தது. அங்கே பிசிஐ போலக் கேட்கவும் வழி இல்லை, ஏசிபிஐயும் இல்லை. அதனால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கோப்பை சி மொழியில் எழுதி லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே திணித்தார்கள். புதுப் பலகை வந்தால் புதுக் கோப்பு. ஒரு கெர்னலைத் தொகுத்தால் ஒரு பலகையில்தான் ஓடும். டேனன்பாம் 1992இல் சொன்ன குறை வேறு வேடத்தில் திரும்பி வந்திருந்தது. 2011இல் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடிந்துகொண்டார். அதன்பின் ஆர்ம் பலகைகள் கருவிமரத்துக்கு மாறத் தொடங்கின. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7இல் ஒரே கெர்னல் பல ஆர்ம் பலகைகளில் விழித்தெழுந்தது. எந்திரத்தைப் பற்றிய அறிவு நிரலிலிருந்து வெளியே வந்து ஒரு தனி ஏடானது. ஒற்றைக்கல்லா நுண்ணா என்ற சண்டையை விட, லினக்ஸை இத்தனை எந்திரங்களுக்குக் கொண்டுபோனதில் இந்தப் பிரிப்புக்குப் பெரிய பங்கு என்பது என் தீர்ப்பு.

இனி நம் வீட்டுக் கதை. சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014 வாக்கில் சக்தி என்ற செயலிக் குடும்பத்தை வடிவமைக்கத் தொடங்கியது. அதன் கட்டளைத் தொகுதி, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்து யாருக்கும் உரிமத் தொகை கொடுக்காமல் பயன்படுத்தக் கிடைக்கும் ரிஸ்க்-வி. 2018இல் இன்டெல்லின் ஓரிகன் ஆலையில் 22 நானோமீட்டரில் செய்த சில்லில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரை அடுத்த மொகாலியின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் இன்னொன்று செய்தார்கள். 2020இல் மௌஷிக் என்ற சில்லு வந்தது. 2025இல் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்காக ஐரிஸ் என்ற சில்லை அறிவித்தார்கள்.

செய்தித்தாள்கள் ‘உள்நாட்டுச் செயலி’ என்ற சொல்லோடு நின்றுவிட்டன. எனக்கு ஆர்வம் அந்தச் சில்லுக்குள் கெர்னல் விழிக்கும் முதல் நொடியில். ரிஸ்க்-வி செயலியில் கெர்னலின் கையில் இரண்டே பொருளைக் கொடுத்து எழுப்புகிறார்கள். ஏ0 என்ற பதிவகத்தில், இப்போது ஓடும் செயலிக் கருவின் எண். ஏ1 என்ற பதிவகத்தில், நினைவகத்தில் கருவிமரம் இருக்கும் முகவரி. அவ்வளவுதான். நினைவகம் எங்கே தொடங்குகிறது, தொடர் வாயில் எங்கே, கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது, செயலிக்குப் பெருக்கத் தெரியுமா, தசமக் கணக்குத் தெரியுமா என்பது எல்லாம் அந்த மரத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

செயலியின் திறமையைக்கூட மரம் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். இன்டெல் வகைச் செயலியில் சிபியுஐடி என்று ஒரு கட்டளை உண்டு. எந்த நிரலும் அதைக் கொடுத்து, செய்தவர் யார், என்னென்ன வசதி என்று நேராகக் கேட்கலாம். ரிஸ்க்-வியில் செய்தவரின் எண்ணும் அடிப்படைத் திறப் பட்டியலும் இருக்கும் பதிவகங்களை மிக உயர்ந்த அதிகார நிலையில் ஓடும் தொடக்க மென்பொருள் மட்டுமே படிக்க முடியும். லினக்ஸ் கெர்னல் அதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. எனவே ஏட்டைத்தான் நம்ப வேண்டும். அந்தத் தொடக்க மென்பொருளாகப் பலரும் வைத்துக்கொள்ளும் ஓப்பன்எஸ்பிஐயில், சக்தியின் தொடர் வாயிலோடு பேசும் சிறு நிரலும் சேர்ந்திருக்கிறது. உலகத்தார் பொதுவில் பயன்படுத்தும் மென்பொருளில் சக்தி என்ற பெயர் ஒரு வன்பொருளின் பெயராக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

சக்தியின் சி வகுப்புச் செயலியில் லினக்ஸ் ஓடும், எஸ்இஎல்4 என்ற நுண்கெர்னலும் ஓடும் என்று குழுவினர் குறிப்பிடுகிறார்கள். 1992இன் இரண்டு கட்சிகளும் ஒரே சில்லில் அருகருகே! எஸ்இஎல்4 ஆஸ்திரேலியாவில் உருவானது. ஏறத்தாழ 8,700 வரி சி நிரல். அந்த நிரல் வரையறையில் எழுதியபடிதான் நடக்கும் என்று 2009இல் கணித முறையில் நிறுவிக் காட்டினார்கள். லினக்ஸின் கோடிக்கணக்கான வரிகளுக்கு அப்படியொரு நிறுவலை நினைத்துப் பார்க்க முடியாது. வன்பொருள் தகவலை இரண்டும் கையாளும் விதம் அவற்றின் குணத்தையே காட்டிவிடுகிறது. லினக்ஸ் விழிக்கும்போது மரத்தை வாசித்து, ஒவ்வொரு கிளைக்கும் தன்னிடமுள்ள டிரைவரைத் தேடிப் பொருத்துகிறது. எஸ்இஎல்4 கருவிமரத்தைத் தொகுக்கும் நேரத்திலேயே படித்து, தனக்குத் தேவையான ஒன்றிரண்டு முகவரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விழித்ததும் மிச்ச நினைவகம் முழுவதற்குமான உரிமைச் சீட்டுகளை முதல் பயனர் நிரலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. எந்தக் கருவி எங்கே என்று அறிவது இனி அந்த நிரலின் பாடு. தெரிந்துகொள்ளாமல் இருப்பதே அதன் பாதுகாப்பு.

கெர்னல் தெரிந்துகொண்டதை நமக்கு எப்படிச் சொல்கிறது என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம். யூனிக்ஸ் மரபில் எல்லாவற்றையும் கோப்பாகக் காட்டுவார்கள். லினக்ஸில் ‘பிராக்’ என்ற அடைவைத் திறந்து ‘சிபியுஇன்ஃபோ’ என்ற கோப்பைப் படித்தால் செயலியின் சாதகம் வரும். வட்டில் அப்படியொரு கோப்பே இல்லை. கேட்கும் நொடியில் கெர்னல் எழுதிக் கொடுக்கிறது. அருமையான யோசனைதான். ஆனால் அதன் வடிவம் மனிதர் படிப்பதற்காக, செயலிக்குச் செயலி வேறாக, அவரவர் மனம்போல எழுதப்பட்டது. மனிதருக்காக எழுதியதை நிரல்கள் படிக்கத் தொடங்கின. ஆர்ம் செயலிகளுக்கு அதில் போகோமிப்ஸ் என்று ஒரு வரி இருந்தது. பொருளற்ற எண் என்று 2013இல் நீக்கினார்கள். அந்த வரியை நம்பியிருந்த நிரல்கள் நொடித்துப் போனதால் 2015இல் திரும்பச் சேர்த்தார்கள். ஒருமுறை சொன்ன தகவல் வாக்குறுதியாகிவிடுகிறது. இந்தப் பட்டறிவுக்கு முன்பே, 2003இன் 2.6 பதிப்போடு வந்த ‘சிஸ்’ அடைவில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்திருந்தார்கள். ரிஸ்க்-விக்கு 2023இல், செயலியின் திறமையை நேராகக் கேட்க ஒரு தனி அழைப்பே சேர்ந்தது.

சக்தியின் வடிவமைப்பு நிரல் பிஎஸ்டி உரிமத்தில் திறந்து கிடக்கிறது. ஆனால் ஒரு செயலியைச் சுற்றி நிற்கும் பலகை, கருவிகள், அவற்றின் முகவரிகள் ஆகியவற்றின் ஏடு மூடியிருந்தால் அந்தச் செயலி நம்முடையது என்பது பாதி உண்மைதான். அரசுப் பணத்தில் செய்யப்படும் ஒவ்வொரு பலகையும் முழுமையான கருவிமரத்தைப் பொதுவில் வைத்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக் குறிப்பில் ஒரே வரி சேர்த்தால் போதும்.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயங்குதளப் பாடத்தில் ஒற்றைக்கல்லுக்கும் நுண்கெர்னலுக்கும் வேறுபாடு எழுதச் சொல்லும் வினாவோடு நிறுத்திவிடாதீர்கள். க்யூஎமு என்ற மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதில் சக்தி சி வகுப்பே ஓர் எந்திரமாக இருக்கிறது, பொதுவான ரிஸ்க்-வி எந்திரமும் இருக்கிறது. அந்தப் பொது எந்திரத்தின் கருவிமரத்தைக் கோப்பாக எடுத்து மாணவரிடம் கொடுங்கள். நினைவகத்தின் அளவைப் பாதியாகத் திருத்தி, திருத்திய மரத்தோடு லினக்ஸை எழுப்பச் சொல்லுங்கள். எந்திரத்தில் முழு நினைவகமும் அப்படியே இருக்கும். கெர்னல் பாதியைத்தான் காட்டும்.